ஒரு மடக்குத் தேத்தண்ணி

லெஸ்டர்
8 செப்டெம்பர் 2024

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மனைவி இல்மாவும் சுகம். அங்கே நீங்களும் மகன் ஷிராஸும் மருமகள் நுஹாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம்.

தபாற்காரர் கொண்டுவந்த உறையைக் கண்டு பயந்துவிடாதீர்கள். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசியபோது பேச்சைவிட மூச்சுத்தான் கூடுதலாகக் கேட்டது. போதாக்குறைக்கு நுஹா லவுட்ஸ்பீக்கரைப் போட்டுவிட, நான் உங்களிடம் கேட்டதற்கெல்லாம் வீட்டுக்கு வந்திருந்த வேறு யாரோ பதில் சொன்னார்கள். இனிமேல் எழுதிக்கொள்வோம். கடிதம் வந்துசேர இரண்டு கிழமை எடுக்கும். எடுக்கட்டும்.

கிளினிக்கில் டொக்டர் சொன்னதை ஷிராஸ் விபரமாகச் சொன்னான். இதயம் பெருத்திருக்கிறது, இரத்தத்தை இறைக்கிற பலம் குறைந்துவிட்டது, இனி இது கூடவே இருக்கப்போகிற நோய். இதைக் கேட்டு நீங்கள் அழவில்லையாம். "வந்தது வந்துட்டு, ஒரு கதிரையப் போட்டு இருக்கச் சொல்லு" என்றீர்களாம். துணிச்சல் நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. தேத்தண்ணி, கஞ்சி, சூப் எல்லாம் அதற்குள் அடக்கம். மிஞ்சினால் அந்தத் தண்ணீர் முதலில் காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். உப்பைக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் தராசில் ஏறி நிறை பாருங்கள். மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

வேலிக்கு அப்பால் ஒரு சென்னைக்காரர் குடிவந்திருக்கிறார். நான் போனில் "தாத்தா, தாத்தா" என்று உங்களுடன் பேசியதைக் கேட்டுவிட்டு, உங்கள் பாட்டனாருக்கு என்ன வயது என்று விசாரித்தார். எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் அப்படி அழைப்போம் என்று விளக்க வேண்டியதாயிற்று. நம்பினாரோ தெரியாது.

எனக்குக் கந்தோரில் வேலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

வஸ்ஸலாம்.
உங்கள் தம்பி
பஹீம்


கலகெதர
29 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பி பஹீமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். சுகமில்லாத இடம் நெஞ்சு மட்டும்தான்.

தபாற்காரர் கேற்றடியில் நின்றுகொண்டு "இங்கிலாந்துக் கடிதம்" என்று சத்தம் போட்டதில், நான் உறையைக் கிழிக்கும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று மட்டும் உன் சுகம் விசாரிக்க நாலு பேர் வந்தார்கள். சுகமாக இருக்கிறான் என்றேன். அதற்கும் தேத்தண்ணி குடித்தோம்.

உனக்கு ஊர் மறந்துவிட்டது. ஒன்றரை லீட்டர் என்று எழுதியிருக்கிறாய். நானா குடிக்கிறேன்? ஊர் குடிக்க வைக்கிறது. போன மாதம் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் எனக்காக துஆக் கேட்டார்கள். அவ்வளவுதான். நோயாளியைப் போய்ப் பார்ப்பது நன்மை என்று கலகெதரையில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லையே. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் கேற் சாத்த நேரமில்லை.

வந்தவர் முன்னால் ஒரு கோப்பை, என் முன்னால் ஒரு கோப்பை. நான் எடுக்காமல் அவர்கள் எடுப்பதில்லை. எனக்கு ஏலாது என்றால், "அப்ப எனக்கும் வாணாம் மாமி, நீங்க சொகமில்லாம ஈக்கக்குள்ள நான் மட்டும் என்னண்டு குடிக்கிற" என்று எழும்பப் பார்க்கிறார்கள். வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பிய வீடு என்ற பெயர் உம்மா காலத்திலிருந்து நமக்கு இல்லை. ஆகவே கோப்பையை வாயில் வைப்பேன். வாயில் வைத்தால் முடியும்வரை கீழே வைக்க மனம் வருவதில்லை, நுஹா கைப்பட வைக்கிற இஞ்சித் தேத்தண்ணி அப்படி.

வைத்தியமும் வருகிறது. ஒருவர் கறுவாப்பட்டை அவித்த தண்ணீர், ஒருவர் செவ்விளநீர்க் குலை, ஒருவர் மூலிகைக் கஞ்சி. எல்லா மருந்தும் தண்ணீராகவே இருப்பது என் நசீபு. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒரு மாமா, இதே வருத்தத்தில் மௌத்தானவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, "நீங்க பயப்பட வாணாம்" என்று முடித்தார்.

தலையணை மூன்று. கிளினிக் டொக்டரும் இதையேதான் கேட்டார். நீ எப்போது டொக்டருக்குப் படித்தாய்?

இல்மாவுக்கு என் ஸலாம். உனக்கு துஆவுடன்,
தாத்தா
றம்லத்


லெஸ்டர்
20 ஒக்டோபர் 2024

அன்பின் தாத்தாவுக்கு,

ஸலாத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது.

கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நீங்கள் எழுதிய கோப்பைகளைக் கூட்டிப் பார்த்தால் லீட்டர்கள் எங்கேயோ போய்விடும். தேத்தண்ணி மரியாதை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் நெஞ்சுக்கு அது தெரியாது.

நான் டொக்டருக்குப் படிக்கவில்லை. என் கந்தோரில் ஒரு நண்பருக்கு இதே நோய். அவர் சொல்வதைத்தான் எழுதுகிறேன். தண்ணீரை வெளியேற்றுகிற குளிசையைக் காலையிலேயே போடுங்கள், பின்னேரம் போட்டால் இரவெல்லாம் எழும்ப வேண்டியிருக்கும். குளிசை போட்ட நாளில் பஸ் ஏற வேண்டாம். இந்த நண்பர் எங்கே போவதென்றாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார். பிறகு புறப்படுவதையே விட்டுவிட்டார். சப்பாத்து இறுகினால் அது சப்பாத்தின் குற்றமில்லை என்று சொல்லச் சொன்னார். தாகம் எடுத்தால் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கரைய விட வேண்டுமாம். நாக்கு ஏமாறும், நெஞ்சு தப்பும்.

இங்கே ஒருவருக்குச் சுகமில்லை என்றால் ஒரு வாழ்த்து அட்டை வரும். ஆள் வர மாட்டார். வருவதென்றால் நாளும் நேரமும் கேட்டு, நாம் சரி என்ற பிறகுதான் வருவார். இது நல்ல பழக்கம். ஷிராஸிடம் சொல்லி ஏதாவது ஒழுங்கு செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
பஹீம்


கலகெதர
17 நவம்பர் 2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நுஹா எழுதிக்கொள்வது. மாமி எழுதச் சொன்னார்கள். பேனை பிடித்தால் கை நடுங்குகிறதாம்.

போன கிழமை வெள்ளி இரவு மாமிக்குப் படுக்க முடியவில்லை. கட்டிலில் நிமிர்ந்து இருந்துகொண்டு, தண்ணீருக்குள் இருப்பதுபோல மூச்சுக்கு அலைந்தார்கள். உடனே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசியில் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்று பின்னேரம் மட்டும் எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. தேத்தண்ணி வைத்தது நான்தான். மாமியின் கோப்பையில் பாதிதான் ஊற்றினேன், அவர்கள் "வந்தவங்கட முன்னால என்ன இது" என்று மறுபாதியையும் ஊற்ற வைத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் மஹய்யாவையைச் சேர்ந்த அழகம்மா என்றொருவர் இருந்தார். அவருக்கும் இதே வருத்தம். இரவில் இருவருக்கும் படுக்க முடியாது. எதிரெதிரே நிமிர்ந்து இருந்துகொண்டு கதைத்தார்களாம். மாமி இந்த ஊரில் யாருடனும் அப்படிச் சிரித்துக் கதைத்ததை நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன இரவு என் கணவர் உங்களுக்கு அழைத்தபோது நீங்கள் பேச முடியாமல் போனை வைத்துவிட்டீர்கள் என்றார். உங்களுக்கு எவ்வளவு வேதனை என்று எங்களுக்கு விளங்குகிறது.

துஆவை நாடும்
நுஹா


லெஸ்டர்
1 டிசம்பர் 2024

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கிற வரிகளை இந்தக் கடிதத்தில் தேட வேண்டாம். எனக்கு நித்திரை இல்லை.

கதவைப் பூட்டுங்கள். ஷிராஸிடம் சொல்லிவிட்டேன். "டொக்டரின் உத்தரவு, நோயாளியைப் பார்க்க அனுமதி இல்லை" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கேற்றில் தொங்கவிடுவான். ஊர் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். இங்கிலாந்துக்குப் போனவன் மாறிவிட்டான் என்று சொல்லட்டும். உங்களை மரியாதைக்குப் பறிகொடுக்க நான் தயாரில்லை. வாப்பாவுக்குப் பிறகு எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

எனக்காக இதைச் செய்யுங்கள்.

பஹீம்


கலகெதர
5 ஜனவரி 2025

தம்பிக்கு,

ஸலாம். நலம். போர்டு தொங்குகிறது. யாரும் வருவதில்லை. கால் வீக்கம் வற்றிவிட்டது. நிறை குறைந்திருக்கிறது. டொக்டருக்குச் சந்தோஷம்.

ஷிராஸ் காலையில் மிளகுக் கடைக்குப் போனால் இரவுதான் வருகிறான். நுஹாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. நான் கடிகாரத்துக்கு எதிரே இருக்கிறேன். நேற்று செவ்விளநீர் கொண்டுவருகிறவர் தெருவில் போகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை.

வேறென்ன எழுத.

றம்லத்


லெஸ்டர்
26 ஜனவரி 2025

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இல்மா ஸலாம் சொல்கிறாள். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

வீக்கம் வற்றியது என்று வாசித்ததும் இரண்டு ரக்அத் தொழுதேன். கடிதம் மிகவும் சுருக்கமாக இருந்தது. நீங்கள் கடுதாசியின் ஓரத்திலும் எழுதுகிற ஆள். பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

பழகிவிடும். என் நண்பரும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தார். தன் நோயை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. மற்றவர்களின் நோய், மௌத்து எல்லாவற்றுக்கும் முதல் ஆளாய்ப் போய் நின்ற மனிதர் அவர். இப்போது தனக்கென்று வந்ததும், அவர்கள் தன்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்து வாயை மூடிக்கொண்டார். வேலை இல்லாத நாட்களில் யன்னலோரம் இருந்து, தெருவில் போகிற பஸ்களைப் பார்ப்பார். எந்த பஸ் எப்போது வரும் என்பதெல்லாம் மனப்பாடம். நிம்மதியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

நீங்களும் அப்படிப் பழகிக்கொள்ளலாம். ஏதாவது எழுதுங்கள். என்னவானாலும் சரி.

வஸ்ஸலாம்.
பஹீம்


கலகெதர
12 மார்ச் 2025

அன்புத் தம்பி பஹீமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். றமழான் முபாறக். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். இப்போது கோபம் இல்லை, இடம்தான் போதாது. ஓரத்திலும் எழுதுவேன்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்மாடி யன்னலில் நின்றேன். பஸ்ஸால் இறங்கி ஒரு மனுசி குடையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு நம் ஏற்றத்தில் வந்தாள். பாதையோர மின்கம்பத்தில் கை வைத்து நின்றாள். பிறகு நடந்தாள். பிறகு மதிலில் கை வைத்து நின்றாள். நம்மைப் போன்றவர்கள் எப்படி நடப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் யாரென்று தெரியும் முன்பே அந்த நடை தெரிந்துவிட்டது. அழகம்மா. மஹய்யாவையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள்.

கேற்றில் ஷிராஸ். "உம்மா படுத்திருக்காங்க. டொக்டர் ஆரையும் பாக்க வாணாம் எண்டார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவள், "சரிங்க தம்பி, அழகம்மா வந்துட்டுப் போறான்னு மட்டும் அக்காகிட்ட சொல்லிருங்க" என்றுவிட்டுத் திரும்பினாள்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடுகிற அளவுக்கு மூச்சு வரவில்லை. யன்னல் கம்பியைத் தட்டினேன், அது தெருவுக்குக் கேட்கவில்லை. ஏறி வந்த அத்தனை தூரத்தையும் அவள் நின்று நின்று இறங்கிப் போவதை முழுக்கப் பார்த்தேன். அன்று எனக்கு நெஞ்சு வலித்தது, அந்த வலிக்குக் குளிசை இல்லை.

மறுநாள் காலை ஷிராஸை வான் எடுக்கச் சொன்னேன். மறுத்தான். "அப்ப நான் பஸ்ஸில போற" என்று சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். பயந்துபோய் எடுத்தான்.

அவள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மகள் நிரோஷா கேத்தலைத் தூக்கினாள். அழகம்மா, "வேணாம்டி, அக்காவுக்கும் அளவு, எனக்கும் அளவு" என்றாள். இரண்டு பேரும் வெறும் கையோடு இருந்தோம். ஒருவரும் ஒருவரைக் குடி என்று சொல்லவில்லை. ஒருவரும் ஒருவருக்கு வைத்தியம் சொல்லவில்லை. கால் வீங்குகிற கதையைச் சொல்லிச் சிரித்தோம். அவள் வீட்டிலும் என் வீட்டைப்போலத்தான் கதை. முதலில் கோயிலடிச் சனமெல்லாம் வந்து மோரும் இளநீருமாய் ஊற்றினார்களாம். பிறகு மகன் கதவைச் சாத்திவிட்டானாம். "வீங்குன கால் வத்திருச்சுக்கா, மனசுதான் வத்தமாட்டேங்குது" என்றாள்.

புறப்படும்போது நிரோஷாவுக்கு மனம் கேட்கவில்லை. முதல் தடவை வந்த மனுசியை வெறும் வாயோடு எப்படி அனுப்புவது? ஒரே ஒரு கோப்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். அழகம்மா அதை என் கையில் தந்து, "ஒரு மடக்கு நீங்க குடிங்க. மிச்சத்த எம்பொண்ணு குடிச்சிரும்" என்றாள். நான் ஒரு மடக்குக் குடித்தேன். அந்தப் பிள்ளை என் முன்னாலேயே மிச்சத்தைக் குடித்தது.

வானில் ஏறி இருந்து யோசித்தேன், தம்பி. சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சோறு பிசைந்து சாப்பிடுகிற ஆட்கள் நாம். ஒரு கோப்பையை இரண்டு பேர் குடிக்கலாம் என்பது நமக்கு ஏன் வரவில்லை?

அன்றே போர்டைக் கழற்றினேன். இப்போது யார் வந்தாலும் ஒரே கோப்பை. ஒரு மடக்கு எனக்கு, மிச்சம் வந்தவருக்கு. முதலில் கூச்சப்பட்டார்கள். "சஹன்ல சாப்பிட்டீங்கதானே, இதையும் குடிங்கொ" என்றேன். இப்போது அதை ஒரு பெருமையாகவே செய்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை மாமா, வேறு யாராவது எனக்கு இரண்டாம் மடக்குக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதற்கே வந்து இருக்கிறார். வீக்கம் திரும்பவில்லை. அழகம்மா இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வருகிறாள், ஷிராஸ்தான் பஸ் தரிப்பிடத்துக்கு வான் கொண்டு போகிறான்.

டொக்டர் நோன்பு பிடிக்க விடவில்லை. நோன்பு திறக்கிற நேரம் எல்லாரோடும் இருக்கிறேன், பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ நோன்பு எப்படி என்று எழுது.

உன் தாத்தா
றம்லத்


லெஸ்டர்
6 ஏப்ரல் 2025

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், ஈத் முபாறக். நீங்கள் எழுதியதை இல்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பாதியில் எழுந்து குசினிக்குப் போய்விட்டாள், வெங்காயம் என்றாள்.

நீங்கள் செய்தது சரிதான். நான் சொன்னதுதான் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநாள் தொழுகைக்குப் போகவில்லை. நல்ல குளிர். வேறு விசேஷம் இல்லை.

பஹீம்


கலகெதர
24 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகம் எப்படி? இது கடித வழக்கத்துக்குக் கேட்பதல்ல. பதில் வேண்டிக் கேட்கிறேன்.

நோன்பு எப்படி என்று கேட்டேன். நோன்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சின்ன வயதில் காய்ச்சலோடும் நோன்பைப் பிடித்துவிட்டு உம்மாவிடம் அடி வாங்கியவன் நீ. மார்ச் கடைசிக் குளிருக்குப் பயந்து பெருநாள் தொழுகையை விட்டாய் என்கிறாய்.

உன் கந்தோர் நண்பருக்கு என் ஸலாம் சொல். ஐஸ் துண்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஐஸ் கரையும்போது நாக்கில் படுகிற ஏமாற்றம் வேறொருவர் சொல்லித் தெரிகிற காரியமில்லை, தம்பி. அதை அனுபவிக்கிறவன்தான் அப்படி எழுதுவான். போன செப்டெம்பரில் நாம் போனில் பேசினோமே, மூச்சுத்தான் கூடுதலாகக் கேட்டது என்று எழுதினாய். உண்மை. அன்றைக்கு இரண்டு மூச்சுக் கேட்டது. ஒன்று என்னுடையது.

அப்போதே தெரிந்தது. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். என் நெஞ்சு தாங்காது என்று நீ மறைத்திருப்பாய். பெருத்த நெஞ்சு, நிறையத் தாங்கும். தாங்காதது வேறு. வாப்பா கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். கிழமைக்கணக்காக நெஞ்சு நோவு இருந்திருக்கிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை. மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், ஆருக்கும் கரைச்சல் குடுக்காத மனுசன் என்று புகழ்ந்தார்கள். எனக்கு அவர்மேல் இன்றுவரை கோபம். கரைச்சல் கொடுத்திருக்கலாம். நாம் எதற்கு இருந்தோம்?

யன்னலோரம் இருந்து பஸ் பார்க்கிறாயாம். நிம்மதியாம். நானும் அந்த நிம்மதியில் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டேன்.

ஆகவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை, நீயும் என் கேற்றில் போர்டு மாட்ட என்னைக் கேட்கவில்லை. உங்கள் பள்ளிக்கு வருகிற அக்குறணைப் பளீல் இருக்கிறாரல்லவா, அவருடைய மாமியார் போன கிழமை என்னைப் பார்க்க வந்தார். என் கோப்பையின் மிச்சத்தை அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது உன் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, மற்றக் கையால் போனை எடுத்தார்.

கோபித்துக்கொள். கோபத்தைக் கடிதத்தில் எழுது. ஆனால் பெல் அடித்தால் கதவைத் திற.

உன் தாத்தா


லெஸ்டர்
8 ஜூன் 2025

அன்பின் தாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமில்லை. இரண்டு வருடமாகச் சுகமில்லை. இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேனையைக் கீழே வைத்தேன். உங்கள் நோய்தான் எனக்கும். தலையணை நாலு.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மிகவும் கோபித்தேன். இல்மாவிடம் கத்தினேன், கத்த மூச்சில்லாமல் இருந்துவிட்டேன். பெல் அடித்தாலும் திறக்கக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

நேற்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். பெல் அடித்தது. நான் யன்னலோரம் இருந்தேன். வாசலில் பளீல். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைகளில் ஸலாம் சொல்லிப் பிரிகிற மனிதர், ஒரு நாளும் நம் வீட்டுப் படி ஏறியதில்லை. பெருநாள் உடுப்பில், கையில் வட்டலப்பப் பெட்டியோடு மழையில் நின்றார். போன் பண்ணவில்லை, நேரம் கேட்கவில்லை. நான் திரையை இழுத்தேன். அவர் போகவில்லை. மதிலில் சாய்ந்துகொண்டு, வந்தது வந்துவிட்டேன் என்பதுபோல நின்றார். இல்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

வந்து இருந்தார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. இல்மா வழக்கம்போல இரண்டு கோப்பை கொண்டுவந்தாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டு, மற்றதை என் பக்கம் நீட்டினார். "பிஸ்மி சொல்லி ஒரு மடக்குக் குடிங்கொ. மிச்சத்தக் குடிக்கத்தான் நான் வந்தது" என்றார்.

என்னைப் பாவம் பார்க்கிற பார்வை ஒன்று வரும் என்று இரண்டு வருடம் பயந்திருந்தேன். அது அவர் முகத்தில் இருந்ததா என்று பார்க்க மறந்துவிட்டேன். குடித்தேன். அவர் மிச்சத்தைக் குடித்தார். பிறகு மிளகு விலையைப் பற்றிக் கதைத்தோம். போகும்போது, "நாளைக்கு மகன் வருவான், நாளண்டைக்குத் தெல்தெனியாக்காரர் ஒருத்தர் வாறார், முறை போட்டாச்சு" என்றார். இன்று மகன் வந்துபோனான். அவனுக்குத் தேத்தண்ணியே பிடிக்காதாம், எனக்காகக் குடித்தான். வேலிக்கு அப்பாலிருந்து சென்னைக்காரரும் எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். வாங்களேன் என்றேன்.

அழகம்மா அக்காவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நிரோஷாவுக்கும்.

இனி நாம் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு போன் எடுக்கிறேன். நுஹா லவுட்ஸ்பீக்கரைப் போடட்டும், யார் இருந்தாலும் கேட்கட்டும். எனக்கு மூச்சு வாங்கும், தாத்தா. நான் மறைக்க மாட்டேன், நீங்களும் மறைக்க வேண்டாம். பேச முடியாத நேரத்தில் இரண்டு பேரும் போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம்.

வஸ்ஸலாம்.
உங்கள் தம்பி
பஹீம்